செடிகளின் உபயோகத்துக்கு மட்டும்

அலுவலகங்களில் பசுமை தவழ வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தொங்கும் கொடிகளாக இருத்தல் நலம் என்றும் அதில் கண்டிருந்தது. எந்தப் பத்திரிகை அட்டையில் பார்த்தார்களோ!

கொடியைத் தேர்ந்தெடுக்க மூவர் குழு. மூவருக்கும் கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. நாலு மாதம் கூடிப் பேசினார்கள். பூக்கும் கொடி நிராகரிக்கப்பட்டது: பூ உதிர்ந்தால் யார் கூட்டுவது? சுவரைப் பற்றி ஏறும் கொடியும் நிராகரிக்கப்பட்டது: முன் அனுமதியின்றி மேலே ஏறுவது ஒழுங்கீனம். கடைசியில் மணி பிளான்ட் தேறியது. பன்னிரண்டு தொட்டி.

மாட்டக் கொக்கி? புதிதாக அடிக்கக் கட்டடப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். கொக்கியில் இருப்பதைக் கழற்ற யார் ஒப்புதலும் வேண்டாம். எனவே பன்னிரண்டு மின்விசிறிகளும் இறங்கின.

தபால் பிரிவுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வியர்த்து ஒழுக அதிகாரி முன் போய் நின்றாள்.

"மயக்கமா வருது சார். என் சீட்டுக்கு மட்டும் ஃபேனை மாட்டித் தரச் சொல்லுங்க."

"செடியை எங்கம்மா வைக்கிறது?"

"கீழ வைங்க சார்."

"கீழ வெச்சா அது தொங்குற செடியா?"

பத்தே நாளில் இலை பழுத்தது. நர்சரிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். "காத்தே இல்லையே. புழுங்கிச் சாகுது, பாவம்."

அன்று மாலையே நாலு மேசை விசிறிகள் வந்து இறங்கின. 'செடிகளின் உபயோகத்துக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டி, கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள்.

மறுநாள் அவள் மயங்கியே விழுந்தாள்.

"ஃபேனைத் திருப்புங்கய்யா!" என்று கத்தினார் தலைமை எழுத்தர்.

"ஆடிட்ல கேட்டா நீர் பதில் சொல்வீரா?" என்றார் அதிகாரி.

முப்பது வருட சர்வீஸ் வீண்போகுமா? தலைமை எழுத்தர் செடிப் பதிவேட்டைப் பிரித்தார். வரிசை எண் பதின்மூன்று என்று போட்டு அவள் பெயரை எழுதினார். விசிறி சட்டப்படி அவள் பக்கம் திரும்பியது.

மறுநாள் பதிவேட்டில் ஏற ஒரே தள்ளுமுள்ளு. நாங்கள் எல்லோரும் ஏறினோம். அதிகாரி எங்களுக்கு முன்னால் ஏறினார்.

ஒன்பதாம் மாதம் அவள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். நிர்வாகப் பிரிவு திருப்பி அனுப்பியது: செடிகளுக்கு விடுப்பு வழங்க விதிகளில் இடமில்லை.

"பிரசவம் சார்!" என்று அழுதாள்.

அதிகாரி கனிந்துபோனார். "பயப்படாதேம்மா. புதுத் துளிர் விட்டா அன்னிக்கே பதிவேட்டுல ஏத்தச் சொல்றேன்."

அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாராவது எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது.