தொப்பைக்கு மூன்று மில்லிமீட்டர்

என் தொப்பை அச்சேறப் போகிறது என்று தெரிந்த காலையில்தான், மனைவிக்குத் தொழிலில் ஒத்தாசை செய்வது என்று நான் முடிவெடுத்தேன்.

அவள் படம் வரைபவள். காகிதத்தில் அல்ல, டேப்லெட்டில். அடுத்த தெருவில் ஒரு டயட்டீஷியன் அம்மா புதிதாக ஆலோசனை மையம் திறக்கிறார். அதன் சுவருக்குப் படம் கேட்டிருந்தார். திரையை எட்டிப் பார்த்தேன். சோபாவில் ஓர் ஆள் சாய்ந்திருந்தார். கையில் ரிமோட். வயிற்றின் மேல் தட்டு. மேசை எதற்கு என்று கேட்கும் வயிறு.

"யாரு இது?"

"யாரோ ஒருத்தர்."

"வழுக்கை இருக்கே?"

"ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு."

"மூக்குல மச்சம்?"

"மச்சக்காரர் போல."

"இந்த மச்சக்காரனை ஆள் உயரத்துக்கு அடிச்சு சுவத்துல ஒட்டப் போறியா?"

"ஆள் உயரம் இல்லீங்க. ஆளை விட உயரம்."

மாற்றச் சொல்லிப் பயனில்லை. கெஞ்சினால் தாடைக்கு இன்னொரு மடிப்பு சேர்ப்பாள். எனவே வேறு வழியில் போனேன்.

"பிரிண்டுக்கு ஃபைல் தயார் பண்றது பெரிய தலைவலிம்மா. நீ வரையறதோட நிறுத்திக்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"எங்க ஆபீஸ் காலண்டரை பிரஸ்ஸுக்கு யார் அனுப்பறாங்கன்னு நினைச்ச?"

"யாரு?"

"பக்கத்து சீட்டுக்காரர். நான் பக்கத்துலயேதானே உட்கார்ந்திருக்கேன்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அவள் வாயிலிருந்து எதிர்க்கேள்வி இல்லாமல் வந்த முதல் "சரி" அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முதல்ல ப்ளீட் விடணும்" என்று பாடம் ஆரம்பித்தாள்.

"ரத்தமா?"

"ஐயோ! படத்தைச் சுத்தி மூணு மில்லிமீட்டர் கூடுதலா கலர் விடணும். அப்பத்தான் வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்துல வெள்ளைக் கோடு தெரியாது. அப்புறம், திரையில தெரியற கலர் தாள்ல அப்படியே வராது. பிரஸ்ல இருக்கற நாலு கலர் மைக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். புரிஞ்சுதா?"

தலையாட்டினேன். கண் மட்டும் அந்த வயிற்றை விட்டு நகரவில்லை.

அவள் கடைக்குக் கிளம்பினாள். நான் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். படத்தை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, போனில் படம் திருத்தும் ஆப்பில் போட்டுத் தொப்பையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். தொப்பையோடு சோபாவும் இளைத்தது. பின்னாலிருந்த கதவு பட்டினி கிடந்ததுபோல் வளைந்தது. அதை நிமிர்த்தினேன். தலையில் முடி நட்டேன். முதல் தடவை குருவிக்கூடு. இரண்டாம் தடவை கதாநாயகன். ப்ளீட் விட்டேன். நாலு மைக்கு மாற்றினேன். முகம் காமாலை கண்டதுபோல் மஞ்சளானது. அதற்கும் வைத்தியம் பார்த்தேன். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அப்படியே இளைத்துப்போன உணர்வோடு சோபாவில் சாய்ந்தேன்.

போன் அடித்தது. அச்சகத்தில் ஃபைல்களைச் சரிபார்க்கும் பெண்.

"சார், படம் கட்டம் கட்டமா உடையுதே. வாட்ஸ்அப்ல வந்ததா?"

"ஆமாம்."

"அதான். அதுல அனுப்பினா சுருங்கிடும் சார்."

'சுருக்கினதே நான்தாம்மா' என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரிஜினல் ஃபைல்லயே செஞ்சு அனுப்புங்க. இன்னொண்ணு, தலைமுடி வெட்டுக்கோட்டுக்கு வெளியே நிக்குது. வெட்டினா போயிடும்."

"எவ்வளவு முடி போகும்?"

"எல்லா முடியும் சார்."

நிஜத்தில் போனது போதாதா? மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரிஜினலைப் பிரதி எடுத்து, வயிற்றை இன்னும் ஒரு சுற்றுக் குறைத்தேன். முடியைக் காப்பாற்றத் தலையைக் கீழே இறக்கினேன். கழுத்து காணாமல் போனது. போனால் போகட்டும், முடிதான் முக்கியம். அனுப்பினேன்.

"இப்ப சரியா இருக்கு சார். மாதிரிப் படத்தை வீட்டம்மாவுக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்! அவங்க ரொம்ப பிஸி. நேரா அடிச்சிடுங்க."

திறப்பு விழாவுக்குப் புதுச்சட்டை போட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி போனேன். உள்ளே நுழைந்ததும் அந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. கூடவே வயிறும்.

இடப்பக்கச் சுவரில் அவள் வரைந்த நான். வழுக்கை, மச்சம், தட்டு, எதுவும் குறையவில்லை. மேலே கொட்டை எழுத்தில் 'முன்'. வலப்பக்கச் சுவரில் நான் இளைக்கவைத்த நான். மேலே 'பின்'.

"என்ன இது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவங்க ரெண்டு படம் கேட்டாங்க. 'முன்' சுலபமா வந்துடுச்சு. 'பின்' வரைய உட்கார்ந்தா கையே ஓடல. உங்களை ஒல்லியா கற்பனை பண்ண இந்த உலகத்துல ஒரே ஒருத்தராலதான் முடியும்."

"அப்ப நான் திருத்துவேன்னு..."

"பின்னே? ஃபைல் தயார் பண்றேன்னு நீங்களா வந்து நின்னா, நான் வேற என்ன நினைக்க?"

"பிரஸ்ல உனக்கு அனுப்ப வேண்டாம்னு சொன்னேனே!"

"சொன்னீங்களாம். சிரிச்சுக்கிட்டே அனுப்பினாங்க. கழுத்தை மட்டும் நான் திரும்ப வெச்சேன். பாக்கப் பாவமா இருந்துது."

டயட்டீஷியன் அம்மா வந்தார். என்னைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் திரும்பவே இல்லை.

"ரொம்ப சந்தோஷம் சார். முதல் அப்பாயின்ட்மென்ட் உங்களுக்குத்தான்னு உங்க மேடம் ஆர்டர் எடுத்த அன்னிக்கே சொல்லிட்டாங்க."

மனைவியைத் தேடினேன். கூட்டத்தில் யாருக்கோ வண்ணங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். வாசலைத் தேடினேன். அதற்குள் வரவேற்பு மேசைப் பெண் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்:

"'முன்' சார், செருப்பைக் கழட்டிட்டு எடை மெஷின்ல ஏறுங்க!"