விருந்தாளிக்கு வால் காட்டிய விமானம்

விருந்தாளியை மதிப்பதில் எங்கள் கசாக் புல்வெளியை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆளே கிடையாது. சந்தேகமிருந்தால் எங்கள் விமானச் சங்கத்தின் ஓடுபாதையை வந்து பாருங்கள்.

இங்கே எந்நேரமும் மேல்காற்று. விருந்துக் கூடாரத்தின் வாசல் மேற்கே பார்த்தால் பெரியவர்களின் இறைச்சித் தட்டில் மண் விழும். ஆகவே வாசல் கிழக்கே. வாசலிலிருந்து பார்த்தால் விமானம் பக்கவாட்டில் முழுசாகத் தெரியவேண்டும். ஆகவே ஓடுபாதை வடக்கு தெற்காக. காற்றின் 'கருத்தை' யாரும் கேட்கவில்லை. அது குறுக்கே அடித்து, இறங்க வந்த குட்டி விமானங்களை வரிசையாகக் கவிழ்த்தது. இறக்கையை முறித்த ஒவ்வொரு விமானிக்கும் சங்கத் தலைவர் துலெகென் 'வீர' அங்கி போர்த்தினார்.

"பாதையைக் காத்துக்கு நேரா திருப்பிடலாமே ஐயா," என்றாள் விமானி குல்பர்ஷின்.

"இறங்கிட்டுத் திரும்புறப்ப வால் கூடாரத்தைப் பார்க்குமே! விருந்தாளிக்குப் பின்பக்கத்தைக் காட்டுறதா? நல்லா வளர்த்தாங்கம்மா உன்னை!"

விழா நாள் வந்தது. மேலிடத்துப் பெரியவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள். அவர்கள் கண்முன்னே வானத்திலிருந்து இறங்க ஆசைப்பட்டு, துலெகென் குல்பர்ஷினின் விமானத்தில் ஏறிக்கொண்டார். இறங்கும் நேரம் காற்று பிடித்து உதறியது. விமானம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. ஓர் இறக்கை தரையை உரசப் பார்த்தது.

"ஐயோ, பிள்ளைகுட்டிக்காரன்மா நான்!" என்று அலறினார் தலைவர்.

குல்பர்ஷின் சட்டென்று விமானத்தை மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றி, காற்றுக்கு நேரே புல்லில் இறக்கினாள். ஒரு கீறல் இல்லை. தலைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவள் விமானத்தைக் கொட்டகைக்குத் திருப்பினாள். அப்போதுதான் வால் பெரியவர்களைப் பார்த்தது.

மறுநாள் விசாரணைக் கூட்டம்.

"உயிரைக் காப்பாத்தினே, இல்லேங்கல. மானத்தைக் கப்பலேத்திட்டியே!" என்றார் துலெகென்.

"பாதையில இறங்கியிருந்தா செத்திருப்பீங்க ஐயா!"

"மரியாதையோட செத்திருப்பேன்ல!"

உறுப்பினர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள்.

"பறக்கிறதை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாதுய்யா," என்றாள் குல்பர்ஷின். இனி அவள் விமானத்தைத் தொடக்கூடாது என்று 'ஏகமனதாக' முடிவானது.

அடுத்த விழாவுக்குப் புது விமானி ஒருவன் கதவைத் திறந்துவைத்துத் தலைவரை ஏறச் சொன்னான். துலெகென் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நீ பாதையிலேயே இறங்குப்பா, முறை முக்கியம்," என்றார். "காத்து பலமா இருக்கு. நான் கார்லயே வந்துடறேன்."