செவுளுக்காரியும் டாக்டர் சொன்ன ஆறு மாசமும்

முட்டத்திலிருந்து மார்த்தாண்டம் வரை ஊர் ஊராகத் தேடினாலும், ஒரு சங்கதியை முதல் தடவையே நம்பிவிடுகிறவர்கள்தான் அகப்படுவார்கள். நம்பாத ஒரே ஜீவன் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த செவுளுக்காரி. விடிந்துவிட்டது என்று ஒரு சேவல் கூவினால், இன்னொன்றும் கூவட்டும் என்று படுத்துக்கிடக்கிறவள் என்று என் மாமியார் சொல்வார்.

அவள் பெயர் யாருக்கும் தெரியாது. முட்டத்துக் கடப்புறத்துக்காரி. தலையில் ஓலையில் முடைந்த கடவப் பெட்டியோடு ஓட்டமும் நடையுமாக வடசேரியில் எங்கள் தெருவுக்கு வந்து சேருவாள். கடவத்தை இறக்கினால், ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கி உள்ளே சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவாள். பார்க்காமல் வாங்குகிறவர்களை அவளுக்கு ஆகாது. ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் அவசரத்தில், நீ நல்லதாகத்தான் கொண்டுவந்திருப்பாய், போடு என்று சட்டியை நீட்டிவிட்டார். “நான் என்ன நீங்க பெத்த மவளா, பாக்காம நம்ப?” என்று கடவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் பருப்புக் குழம்பு.

அப்போதுதான் எங்கள் பக்கம் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. வடசேரி போகுமா என்று டிரைவரிடம் கேட்பாள். அவர் போகும் என்பார். கண்டக்டரிடம் கேட்பாள். அவரும் போகும் என்பார். பிறகு அதிலிருந்து இறங்குகிற ஆளைப் பிடித்துக்கொள்வாள். அவர் வெளியூர்க்காரர், தெரியாது என்பார். தெரியாமல் எப்படி ஏறினாய் என்று அவரை அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விடும்.

ஒருமுறை எங்கள் சபை உபதேசியார் தெருவில் நின்று, உலகம் முடியப்போகிறது என்று பிரசங்கம் செய்தார். அவள் கடவத்தை இறக்கிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கடப்புறத்து ஆட்கள் ரோமைக் கத்தோலிக்க சபைக்காரர்கள், எங்கள் சபை வேறு. “எங்க சாமியாரும் சொல்லட்டு. ரெண்டு பேரும் ஒண்ணுபோல சொன்னா வீட்டுல உள்ள வலையை வித்துப்போடுதேன்” என்றாள். உபதேசியார் அதற்கப்புறம் அவள் வருகிற நேரத்தில் எங்கள் தெருவில் பிரசங்கம் வைப்பதில்லை.

இவள் பைத்தியம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு அந்தக் கட்டி வந்தது.

எனக்கு இருபத்துமூன்று வயசு. இரண்டாவது பையனுக்கு வேப்பிலை அரைத்துத் தடவிப் பால்குடி மறக்கடித்திருந்தேன். கொஞ்ச நாளில் இடதுபக்க மார்பில் ஒரு கட்டி. ஒரு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கஞ்சி விளம்பும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மறுநாளே டவுணில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் குடும்பங்களில், சீக்கு பெண்ணுக்கு வந்தாலும் அதைச் சொல்லுகிற வாய் ஆணுடையதுதான். நான் முக்காடு போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கேட்கக் கேட்க என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். எத்தனை நாளாக? மூன்று மாசம் இருக்கும். வலி உண்டா? இல்லை. குழந்தைக்குப் பால்? அதெல்லாம் எப்போதோ நிறுத்தியாச்சு. கட்டி எப்படி? கல்லு மாதிரி. அவர் அதைத் தொட்டதே கிடையாது. ஆனால் வாத்தியார், எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. எனக்கு வலி இருந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கிட்டே வந்தார். நான் சுருண்டுகொண்டேன். சேலைக்கு மேலேயே, சுடுசட்டியைத் தொடுவதுபோல இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போய், என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் பேசினார். வெளியே வந்ததும் அவர் எனக்குச் சொன்னார்: புற்று. முற்றிவிட்டது. ஆறு மாசம்.

என் மாமியார் இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பற்றி யோசித்தார். மார்த்தாண்டத்தில் அவருடைய சித்தி மகள் வீட்டில் ஒரு பெண் இருந்தது. நல்லாச் சமைக்கும், கீர்த்தனையும் பாடும். இதை என்னை வைத்துக்கொண்டே பேசினார். கெட்ட எண்ணமில்லை, என் சம்மதமும் வேண்டும் என்று நினைத்தார். நான் தலையாட்டினேன். மூத்தவனுக்குப் புளி ஆகாது, அதை அந்தப் பெண்ணிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் செவுளுக்காரி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவரைக் கவனிக்காமல் என் பக்கம் திரும்பி, டாக்டர் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டாள். சேலைக்கு மேலே என்றேன்.

“கடவத்து மேல மூடின ஓலையைத் தொட்டுட்டு உள்ள மீனு அழுவிப்போச்சுண்ணு சொன்னாராக்கும்” என்றாள். “ஆறு மாசமாம். அது மொத வெல, பிள்ளே. மொத வெலைக்கு எவளாவது சாவாளா?”

நாளைக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிற வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போகவேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்தாள். அவருக்கு இஷ்டமில்லை. படித்த டாக்டர் ஒருவர் சொன்னபிறகு இன்னொருவரிடம் போனால், முதலில் பார்த்தவருக்கு அவமானமில்லையா என்றார்.

“சாரே, பள்ளிக்கூடத்துப் பயக்க கணக்கு கூட்டினா, ஒருக்கா மேலேருந்து கூட்டிட்டு, பெறவு கீழேருந்தும் கூட்டிப் பாருலேண்ணு சொல்லுவியளா மாட்டியளா?”

சொல்லுவேன் என்றார்.

“அது வெறும் மாங்காக் கணக்கு. இது ஒங்க பெண்டாட்டி.”

மறுநாள் காலையில் அவள் மீன் எடுக்கவே போகவில்லை. வெறும் கடவத்தோடு வந்தாள். தலையில் கடவம் இல்லாவிட்டால் நடை ஆடுமாம். பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் நின்றுகொண்டு டிரைவர், கண்டக்டர், இறங்கின ஆள் மூன்று பேரிடமும் கேட்டு, மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னபிறகு எங்களை ஏற்றினாள்.

வழியில் எனக்கு ஒரு கட்டளை போட்டாள். முதல் டாக்டர் சொன்னதை இங்கே மூச்சுவிடக்கூடாது. ஒருவன் சொன்ன விலையைச் சொன்னால் அடுத்தவன் சரக்கைப் பார்க்கமாட்டான், அந்த விலையைத்தான் பார்ப்பான் என்றாள். அடுத்த கட்டளை என் வீட்டுக்காரருக்கு. அவர் உள்ளே வரக்கூடாது. கடவத்தை அவர் கையில் கொடுத்து ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். வெள்ளை வேட்டியும் கோட்டுமாக அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது, ஒருவர் வந்து சாளை மீன் இருக்கா என்று கேட்டாராம்.

டாக்டரம்மா நிதானமாகத் தமிழ் பேசினார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தேன். கூட வந்திருந்த செவுளுக்காரி அதட்டினாள்.

“அங்க என்னத்தைப் பாக்குத? கட்டி ஒனக்கா, அவியளுக்கா? வாயைத் தொறந்து சொல்லு மக்கா.”

சொன்னேன். ஒரு மாசந்தான் ஆகிறது. வலி உண்டு. பால் மறக்கடித்தபிறகுதான் வந்தது. சில நாள் பெரிதாகவும் சில நாள் சின்னதாகவும் இருக்கிறது. என் குரல் அந்த அறையில் எனக்கே புதிதாகக் கேட்டது. திரைக்குப் பின்னால் போய் ரவிக்கையை அவிழ்த்தேன். அவள் திரைக்கு வெளியே, யாரும் எட்டிப்பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா படுக்கவைத்தும் உட்காரவைத்தும் பார்த்தார். கக்கத்தில் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்து ஒரு கிண்ணத்தில் விட்டார். வெள்ளையாக, கொழகொழவென்று பால். கட்டி அமுங்கிப்போயிற்று.

பால் வருகிற வழி அடைபட்டு உள்ளே தங்கிவிட்டது, இது புற்று இல்லை என்றார் டாக்டரம்மா.

செவுளுக்காரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மூக்குக்கிட்டே வைத்து மோந்தாள். “பாலுதான்” என்று, டாக்டரம்மா அவளுடைய தீர்ப்புக்குக் காத்திருந்ததுபோலச் சொன்னாள். பிறகு, அம்மா இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்றாள். டாக்டரம்மா சிரிக்காமல் திரும்பச் சொன்னார். அவள் நர்சைப் பார்த்து, “நீயும் சொல்லு பிள்ளே” என்றாள். நர்சும் சொன்னாள். அதன்பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் டாக்டர் சொன்னதை அப்போதுதான் சொன்னோம். டாக்டரம்மா அவரைக் குறை சொல்லவில்லை. காதில் விழுந்ததை வைத்துச் சொல்லியிருக்கிறார், என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பயந்திருப்பேன் என்றார். ஒரு மாசம் கழித்து வந்து காட்டு, கட்டி திரும்பி வந்தால் அதற்கு முன்னாலேயே ஓடி வா என்றும் சொன்னார்.

வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். செவுளுக்காரி கடவத்தைத் தா என்று கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை தோளில் வைத்து அவரே சுமந்துகொண்டு வந்தார். அவருக்கு மனைவியாக இருந்த இத்தனை வருஷத்தில், அன்று நடந்த அந்த நடைபோல் எனக்குப் பெருமையாக இருந்தது வேறொன்றும் இல்லை.

மறு மாசம் போய்க் காட்டினேன். கட்டி வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். செவுளுக்காரி என் மாமியாரிடம், மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியாச்சா என்று ஒருநாள் விசாரித்தாள். மாமியார் அன்று ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. இடதுபக்கத்தில்தான் முதலில் பால் கொடுத்தேன். செவுளுக்காரி பார்க்க வந்தாள். கடவத்தை முற்றத்தில் இறக்கிவிட்டு, கிணற்றடியில் சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். அப்படியும் மீன்வாடை போகவில்லை என்று தொடாமல் தள்ளியே நின்றாள். நான் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டேன்.

குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. முற்றத்தில் காக்கைகள் கடவத்து ஓலையை இழுத்துவிட்டு மீனைக் கொத்த ஆரம்பித்தன. நான் பதறிப்போய்ச் சொன்னேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போவட்டு” என்றாள்.