பஷீர் அகமதின் தட்டைத்தலைக் குண்டு

ரசம் தாளிக்க சுபைதா தேடிய கரண்டி கொல்லைப்புற அடுப்பின் மேல் இருந்தது. அதில் கடுகு பொரியவில்லை, ஈயம் உருகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதோட மூணாவது கரண்டி."

"இதான் கடைசி சுபைதா. அல்லா மேல ஆணையா, கோப்பைய வாங்குன அன்னிக்கே துப்பாக்கியத் தலமுழுகிடறேன்."

இந்த ஆணையை பஷீர் அகமது எட்டு வருஷமாக இட்டுக்கொண்டிருந்தார். ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியில் மிளகும் காபிக்கொட்டையும் விற்கிற மனுஷனுக்கு லைசன்ஸோடு ஒரு கைத்துப்பாக்கி. தோட்டக்காரர்களின் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு முறை குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். எட்டு வருஷமும் அவர்தான் கடைசி. எண்பத்தி ஒண்ணில் மட்டும் கடைசிக்கு முந்தின இடம். அந்த வருஷம் ஒருத்தர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் தன் கையைச் சந்தேகப்பட்டிருப்பார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற மாதிரி, பஷீர் அகமதுக்குக் குண்டு கோணல். கடைத் தோட்டாவை நம்பக்கூடாதென்று, சுட்ட வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வெடிமருந்து அடைத்து, தானே குண்டு வார்த்துப் பொருத்தினார். அந்தப் பட்டறைதான் சுபைதாவின் சமையற்கட்டு. போன தை மாதம் மகள் ஷஹீதாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், சுவரில் 'நெருப்பு கூடாது' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, டீயைக்கூடத் தொடாமல் குப்பனூர் ரோட்டில் இறங்கிப் போய்விட்டார்கள். அடுத்த இடத்துக்காரர்கள் வருவதற்குள் இந்தச் சனியனைத் தலைமுழுகியாக வேண்டும் என்பது சுபைதாவின் ஒரே கவலை. அதற்கு அவர் ஜெயித்துத் தொலைக்க வேண்டும்.

முதலில் உருண்டைத் தலைக் குண்டு, சுத்த ஈயத்தில். மெத்தென்ற ஈயம் குழலுக்குள்ளேயே அப்பிக்கொண்டது. ஐந்தாவது குண்டு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போய் விழுந்ததில், குறி அட்டையில் சாவித்துவாரம் போல ஒரு நீளக் கிழிசல்.

ஈயத்தைக் கெட்டிப்படுத்த, அச்சாபீஸில் தேய்ந்துபோன ஈய அச்செழுத்துகளை வாங்கி வந்து சேர்த்து உருக்கினார். குண்டு கல்லாட்டம் வந்தது. ஆனால் அட்டையை மட்டும் விட்டுவிட்டு எல்லாத் திசையிலும் போனது.

சரி, எடை குறைந்த குண்டு. அது வேகமாகப் போனது, ஆனால் தாழப் போனது. அட்டைக்குக் கீழே, மண்மேட்டுக்குப் பின்னால் குழியில் உட்கார்ந்து அட்டையை இறக்கி ஏற்றுகிறவன் கருப்பண்ணன். பக்கத்து வாழவந்தி ஊர்க்காரன். கிளப் போட்டியிலும் குழிக்காரன் அவன்தான். மேட்டில் குண்டு பாய்ந்து சிதறிய மண்ணை அன்று அரை மணி நேரம் துப்பினான்.

உடனே எடை கூடின குண்டு. அது உசரப் போனது. பக்கத்து வீட்டு அருக்காணியின் பலாமரத்தில் ஒரு பழம் செத்தது. அவள் மரத்தடியில் நின்று பரம்பரையையே இழுத்துத் திட்ட, பழத்தை விலை கொடுத்து வாங்கி வீடே ஒரு வாரம் பலாச்சுளை தின்றது.

"குண்டு நொம்பப் பொல்லாததுங்க மொதலாளி," என்றான் கருப்பண்ணன், மரியாதைக்கு.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, சேலத்துப் பழைய புத்தகக் கடையில் பஷீர் அகமதுக்கு ஞானம் கிடைத்தது. உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகுமாம். தட்டைத் தலையோ, வட்டமாக வெட்டி எடுத்த மாதிரி சுத்தமான ஓட்டை போடுமாம். குறியும் பிசகாதாம். இதை அவர் வீட்டில் உட்கார்ந்து கருப்பண்ணனுக்கு விளக்கினார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக சுபைதாவும் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டாள். ஓட்டை எத்தனை பெரிசு இருக்கும் என்றுகூட விசாரித்தாள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டைத் தலைக் குண்டு வார்க்கும் அச்சு வந்து சேர்ந்ததே போட்டிக்கு முந்தின நாள்தான். பழக நேரமில்லை. போட்டியன்று காலை மூடுபனி இறங்கி, அட்டை எங்கேயோ ஆவியாட்டம் தெரிந்தது. பத்துக் குண்டு சுட்டார். ஆறாவதைச் சுடும்போது தும்மல் வேறு.

குழியிலிருந்து அட்டை வந்தது. நடுவர் வெங்கடாசலம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பத்து ஓட்டை, பத்தும் நடுவட்டத்தில், காம்பஸ் வைத்து வரைந்த சுத்தம். கிளப்பே எழுந்து நின்றது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பஷீர் அகமது குண்டின் தலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

வீட்டில் பிரியாணி. சுபைதா கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றி அவர் முன்னால் வைத்தாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போய்த் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிடச் சொன்னாள். ஆணையையும் ஞாபகப்படுத்தினாள்.

பஷீர் அகமது சிரித்தார்.

"அது ஏற்காட்டுக் கோப்பைக்கு இட்ட ஆணை. அடுத்த மாசம் சேலத்துல ஜில்லாப் போட்டி வருது. இப்பத்தான் சரியான குண்டே சிக்கியிருக்கு, இப்பப் போயி வுடச் சொல்றியே."

சுபைதா துப்பாக்கிப் பொட்டலத்தை இன்னும் அவர் பக்கம் தள்ளினாள். அவரோ, தின்னக் கூப்பிட்டிருந்த கருப்பண்ணன் பக்கம் திரும்பி, அவன்தான் தனக்கு ராசி என்றார். சேலத்திலும் அவனையே குழியில் உட்காரவைக்கச் சொல்லி எழுதிக் கேட்கப் போவதாகவும் சொன்னார்.

கருப்பண்ணன் எலும்பை இலையில் வைத்தான். முதலாளியைப் பார்க்காமல் சுபைதாவைப் பார்த்தான்.

"ஏனுங்கம்மா, சேலத்துலயும் நாந்தான் ஓட்டை போடோணுமுங்களா? நீங்க இந்த ஊருக்கு மட்டுந்தானுங்களே சொன்னீங்க?"