எதிரி மரத்து இலையும் தாய்மாமன் சீரும்

ரந்தாவ்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் புவனேஸ்வரன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் அமிர்தலிங்கம் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை வள்ளிநாயகியும் மகள் மாதவியும் மாரியாத்தா புண்ணியத்தில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் வாத்துகளும் நலமாக இருப்பீர்கள். வாத்துகள் நலமாக இருப்பதை நானே நேரில் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். வாட்சாப்பில் நீங்கள் என்னை பிளாக் செய்து மூன்று வருஷம் ஆகிவிட்டபடியால் ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். சேதி நல்ல சேதி.

மச்சான், நீங்கள் திருடன் இல்லை. இதை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கப் கோப்பி குடித்தேன். நெஞ்சில் இருந்த மூட்டை இறங்கியது.

நாலு வருஷத்துக்கு முன் நீங்கள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து சி ரூசாவுக்குக் குடிபோன அதே வாரம், எங்கள் கொல்லையில் மைலோ டின்னில் இருந்த கறிவேப்பிலைக் கன்று காணாமல் போனது. அடுத்த வருஷம் உங்கள் வேலியோரம் இடுப்பளவு கறிவேப்பிலை நின்றது. கசக்கி மோந்தால் எங்கள் மரத்து வாசனை அச்சாக. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் கிராணியாக இருந்து ஆள்கணக்குச் செக்ரோல் எழுதியவன் நான், ஓர் ஆள் குறைந்தால் எங்கே போனான் என்று கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. அதனால்தான் அந்த வருஷத் திருவிழாவில், கோயில் செயலாளர் என்ற முறையில் மைக்கைப் பிடித்து, காணாமல் போன செருப்பு, காணாமல் போன பிள்ளை ஆகிய அறிவிப்புகளுக்கு நடுவில், காணாமல் போன கறிவேப்பிலைக் கன்று சி ரூசாவில் தாய்மாமன் ஒருவர் வீட்டில் வளர்வதாக அறிவித்துவிட்டேன். நீங்கள் அன்னதானத்தில் பாதி இலையில் எழுந்து போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்போது ஆவணியில் மாதவிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எந்த முகத்தோடு மணவறையில் பெண்ணை உட்கார வைப்பது? சீர்த்தட்டைத் தூக்க யாரைக் கூப்பிடுவது? வள்ளி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை, பேசினாலும் "சோறு இருக்கு" என்பதோடு சரி. நானும் இறங்கி வரவில்லை. அப்போதுதான் மாதவி நடுவில் வந்தாள்.

அவள் நீலாயில் பல்கலைக்கழகத்தில் செடிகளின் சொந்தபந்தத்தை ஆராய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். இலைக்குள் பச்சையாக இருக்கிறதே, அந்தப் பச்சையத்துக்குள் தனியாக ஒரு மரபணுச் சுருள் இருக்கிறதாம். ஒரு லட்சத்து அறுபதாயிரம் எழுத்து. இந்த மரத்து எழுத்தையும் அந்த மரத்து எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணிப் பெரட்டு எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கு யார் சொந்தம் என்று தெரிந்துவிடுமாம். அதிலும் பெரும்பாலான செடிகளுக்கு இது தாயிடமிருந்துதான் வருகிறதாம், தகப்பன் பங்கு ஒன்றும் இல்லை. நம் மாநிலத்து மலாய்க்காரர்களுக்குத் தாய்வழியில்தானே குலம், அதே அடாட் வழக்கம் இலைக்கும் இருக்கிறது பாருங்கள். நம் வேலியில் வெள்ளையாகப் பூக்கிற கெமுனிங் செடியும் கறிவேப்பிலையும் உடன்பிறப்பு என்று வெகுகாலம் எழுதி வைத்திருந்தார்களாம். எழுத்தைக் கூட்டிப் பார்த்தால் கெமுனிங் எலுமிச்சைப் பக்கத்து ஆளாம். இத்தனை நாள் தப்பான குடும்பத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் செடிக்காக எனக்கு மனது கஷ்டமாகவே இருந்தது.

"அப்பா, ரெண்டு மரத்து இலையும் குடுங்க, நான் பாத்துச் சொல்றேன். ஒரே எழுத்தா இருந்தா மாமா எடுத்தாருன்னு அர்த்தம் இல்ல லா. ரந்தாவ் முழுக்க ஒரே தாய்மரத்துப் பிள்ளைங்களா இருக்கலாம். ஆனா வேற வேறயா இருந்தா மாமா எடுக்கலன்னு அர்த்தம். அப்ப நீங்க மன்னிப்புக் கேக்கணும். சரியா?" என்றாள். சரி என்றேன்.

மாமாவிடம் போன் பண்ணி இலை கேட்கிறேன் என்றாள். நான் விடவில்லை. கேட்டால் நீங்கள் வேறு மரத்து இலையை அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன், மன்னிக்கவும். ஆகவே போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் நானே மோட்டார் சைக்கிளில் சி ரூசா வந்து, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் வேலியோரம் குனிந்தேன். மழை இல்லை. நாலு கொத்துப் பறித்துப் பையில் போடுவதற்குள் உங்கள் பெரிய வாத்து பின்னால் வந்து பிடித்த இடத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மஸ்தான் பாய் ஓடிவந்துவிட்டார். "கிராணி ஐயா! கீழ என்ன தேடுறீங்க?" என்றார். மோட்டார் சாவி விழுந்துவிட்டது என்றேன். அந்த நல்ல மனிதர் கடையில் இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுப் புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டார். பொய் வெளிப்படக் கூடாதே என்று சட்டைப்பையிலிருந்த சாவியை மெல்லப் புல்லில் போட்டேன், கண்டுபிடித்ததுபோல் எடுத்துக்கொள்ளலாம் என்று. அதற்குப் பிறகு அந்தச் சாவி நிஜமாகவே கிடைக்கவில்லை. பாய் தே தாரிக் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். மாதவி மறுநாள் மாற்றுச் சாவியோடு போய் மோட்டாரை எடுத்து வந்தாள். உங்கள் வேலியோரம் சாவி ஏதும் கிடைத்தால் அது என்னுடையது.

அந்தச் சனிக்கிழமை மாதவி நீலாய்க்கு எடுத்துப் போகும்வரை இலையை ஐஸ்பெட்டியில் வைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் பை. ஒன்றில் "நம் மரம்", இன்னொன்றில் "எதிரி மரம்" என்று எழுதி ஒட்டினேன். கிராணி வேலையில் பழகியவன், தப்பு வராது. நம் மரத்துக்கு அதுதான் கடைசி இலை. சாக்கடை வெட்ட வந்தவர்கள் வேரை அறுத்துவிட்டார்கள், மரம் மொட்டையாக நிற்கிறது.

நேற்று முடிவு வந்தது. பதினோரு இடத்தில் எழுத்து வேறு! இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளை இல்லை. "மாமா எடுக்கலப்பா" என்று மாதவி சொன்னதும் நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்று வருஷமாக உங்களைத் திட்டும்போதெல்லாம், திருடியிருக்கக் கூடாதே என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. இந்தக் கடிதத்தையே மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழாவில் அதே மைக்கில் சொல்கிறேன். நீங்கள் வந்து சீர்த்தட்டைத் தூக்குங்கள், என் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மஸ்தான் பாய்க்கு நன்றி சொல்லுங்கள். வாத்துக்கும் என் மேல் கோபம் தணியட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு இருக்க மாரியாத்தாவை வேண்டும்,

தங்கள் அன்புள்ள,
அமிர்தலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தை வள்ளியிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அந்த வியாழக்கிழமை மீன் கொழம்பு தாளிச்சேங்க. நம்ம மரத்துல இலை இல்ல. ஐஸ்பெட்டில ஒரு பை வாடிக் கெடந்துச்சு, ஒரு பை பச்சுனு இருந்துச்சு. பச்சுனு இருந்தத போட்டுட்டேன். அப்புறம் பையில எழுதியிருந்ததப் பாத்துப் பயந்து, பாசார்ல வாங்கி நெரப்பி வெச்சிட்டேன்."

ஆகவே மச்சான், நீங்கள் குற்றமற்றவர் என்று நிரூபித்தது ரந்தாவ் பாசார் கறிவேப்பிலை. உங்கள் மரத்து இலையை நான் இரண்டு தட்டுச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டேன். கொழம்பு அருமை என்றும் சொன்னேன்.

இதோடு போகவில்லை. அந்த மைலோ டின்னைத் தன் கையாலேயே உங்கள் லாரியில் ஏற்றியவள் அவள்தானாம். "மரத்துச் சொந்தக்காரர்கிட்ட கேட்டு வாங்குன கருவேப்பிலை தழைக்காதுங்க, சொல்லாம எடுத்துட்டுப் போனாத்தான் தழைக்கும். அதான் அண்ணன்கிட்ட உங்களுக்குச் சொல்லாதன்னேன். நீங்க மைக்குல பேசுனப்புறம் எப்படிச் சொல்றது? அண்ணன்தான், நீ வாயத் தொறக்காத, உன் வீட்டுல சண்டை வேணாம்னுச்சு" என்றாள்.

மூன்று வருஷம், மச்சான். ஊர் முழுக்கத் திருடன் என்று பேசியபோதும் தங்கைக்காக உண்மையை வெளியே சொல்லவில்லை நீங்கள். மேலே எழுதிய மன்னிப்பு போதாது, ஆனால் தாளில் இடமில்லை.

வரும் ஞாயிறு நானும் வள்ளியும் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வருகிறோம். எங்கள் மரம் வேரறுந்து மொட்டையாக நிற்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? உங்கள் மரத்தடியில் ஒரு சின்னக் கன்று முளைத்திருப்பதை அந்தப் புதன்கிழமை குனிந்தபோதே பார்த்தேன். அதை நான் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம். பத்திரிகையை வாங்கியதும் உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஏதாவது வேலை பாருங்கள். வாத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.