கடலூர் சிறையில் நான் இல்லாத பதினைந்து நாள்

சிறைக்குப் போனதை மறைத்து அரசாங்க வேலையில் சேர்ந்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறைக்குப் போகாததை மறைத்து, அதனால் கைக்கு வந்த வேலையைக் கோட்டைவிடப் பார்த்த ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதை நான் வெட்கத்தோடு சொல்வதாக நினைக்க வேண்டாம். வெட்கமெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே செலவாகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருத்தன். அப்பா கோவிந்தன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும்தான். ஆனாலும் அவர் வரப்பில் நின்று குரல் கொடுத்தால் பண்ணை வீட்டில் கதவு திறக்கும்.

அந்த வருஷம் அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு மறியல் அறிவித்தார்கள். முதல்நாள் கூட்டத்தில் நானும் பேசினேன். "போலீஸ் வேன்ல மொதல்ல ஏறுற கால் இந்தக் கால்தான்!" என்று வலது காலைத் தூக்கியே காட்டினேன். (ஒற்றைக் காலில் நின்றதில் மேடை ஆடியது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.)

மறுநாள் நன்னிலம் தாலுகா ஆபீஸ் வாசல். வேன்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு போலீஸ்காரர் இறங்கி, லத்தியைத் துண்டால் துடைத்தார். அடிக்கவில்லை, ஓங்கவுமில்லை, துடைத்தார். அவ்வளவுதான். என் வலது கால் முதலில் ஏறியது உண்மை. ஏறியது திருவாரூர் பஸ்ஸில்.

அங்கிருந்து பட்டுக்கோட்டை. அங்கே தென்னந்தோப்பில் என் அக்கா குடும்பம் காவலுக்கு இருந்தது. அப்பா, அம்மா, தெருசனம் மொத்தமும் திருச்சி சிறையில் இருந்த பதினைந்து நாளும் நான் இளநீரும் தேங்காய்ப்பால் சோறுமாக இருந்தேன். விடுதலையான செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ஒருநாள் தள்ளி, தாடியோடு ஊர் திரும்பினேன்.

"எங்கடா போயிருந்த? திருச்சியில ஒன்னக் காணுமே?" என்றார் அப்பா.

"என்னை வேற வேன்ல ஏத்திட்டாங்கப்பா. கடலூர் ஜெயிலு."

அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கோ அந்தக் கைகளுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு பொய்யை வளர்ப்பது சுலபமாகிவிட்டது. அவர்கள் திருச்சியைப் பற்றிச் சொல்வதை முதலில் கேட்டுக்கொள்வேன். களி கல்லு மாதிரி இருந்தது என்றால், எங்களுக்குக் களியிலேயே கல்லு கிடந்தது என்பேன். நாலு பேருக்கு ஒரு பாய் என்றால், கடலூரில் பாயே கிடையாது என்பேன். கூலியும் கூடிவிட்டது. அந்த அரைப்படி நெல்லில் வெந்த சோற்றை நானும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்குத் திருவாரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் முதல் சர்க்கார் உத்தியோகம். போலீஸ் விசாரணை முடிந்தால்தான் சேரலாம். படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது கைது செய்யப்பட்டோ சிறையில் வைக்கப்பட்டோ இருக்கிறீரா? 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். உண்மையைத்தானே எழுதுகிறோம் என்று பெருமை வேறு.

அதோடு விட்டிருக்கலாம். நான் கெட்டிக்காரன் அல்லவா? வீடு வீடாகப் போய், "போலீஸ்ல விசாரிக்க வருவாங்க. என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். அறுப்புக் காலம், ஊரே களத்தில் கதிரடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையில் நான் ஓரமாக, அடக்கமாக நின்றேன்.

"செல்வராசுன்னு ஒரு பையன். ஆளு எப்படி?"

முன்னால் வந்தது நாகம்மா அத்தை. அவரும் திருச்சியில் பதினைந்து நாள் இருந்தவர். "அவனா? தங்கமான புள்ளைங்க. கூலிக்காகக் கடலூர் ஜெயிலுக்குப் போயிட்டு வந்த புள்ள!"

எங்கள் தெருவில் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகச்சிறந்த வார்த்தை அதுதான். மற்றவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. "களியில கல்லு கெடந்துச்சாங்க, அதையும் தின்னான்." "பாயில்லாமப் படுத்தாங்க." அப்பா கடைசியாக வந்து, மார்பை நிமிர்த்தி, "எம் மவன்தாங்க. நான் திருச்சி, அவன் கடலூரு" என்றார்.

ஏட்டு எல்லாவற்றையும் நிதானமாக எழுதி, ஐந்து பேரிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். நான் அவரை வைக்கோல் போருக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"ஐயா, நான் ஜெயிலுக்கே போகலைங்க."

"ஸ்டேஷன் ரிக்கார்டுலயும் உன் பேரு இல்லதான். அப்ப ஊரு பொய் சொல்லுதா?"

"ஊரு பொய் சொல்லலைங்க. நான் சொன்னதைச் சொல்லுது."

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, படிவத்துல இல்லன்னு எழுதியிருக்க. அஞ்சு பேரு ஆமாங்குறாங்க. இப்படியே அனுப்பினா பொய்த் தகவல்னு வேலை போயிடும். கடலூருக்கு எழுதிக் கேட்டு பதில் வர்றதுக்குள்ள அந்த எடத்துல வேற ஆளு உக்காந்துருவான். கைநாட்டு வச்சவங்களே மாத்திச் சொன்னா, மாத்தி எழுதிக்கிறேன்."

போருக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் மானம். நான் கொஞ்ச நேரம் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, சான்றிதழ்களுக்கு அடியில் இருந்த ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பட்டுக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்தது. அட்டையில் செய்த பிறைநிலாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கூலிங்கிளாஸ். மடியில் அக்கா மகன். கையில், சீவிய இளநீர். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை, தேதியோடு. (இதை அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அதில் நான் அழகாக இருந்தேன், மனசு வரவில்லை.)

களத்து நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதிரடிக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஏட்டு தேதியைச் சத்தமாகப் படித்தார். மறியலுக்கு நாலாம் நாள். போட்டோ கைமாறிப் போனது. அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. நாகம்மா அத்தை மட்டும், "பாயில்ல பாயில்லன்னியே, நெலாவுலயா படுத்துருந்த?" என்றார். களமே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. திருச்சியில் தரையில் படுத்து அவருக்குப் பிடித்த முதுகுவலி அப்போதும் இருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி போட்டோவை வெகுநேரம் பார்த்தார். வேலை வேண்டாம், இவர் இந்தப் பார்வையை நிறுத்தினால் போதும் என்று தோன்றியது. செத்துவிடலாம் போலிருந்தது என்பார்களே, அது நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் அவர் ஏட்டிடம் போனார்.

"ஏட்டய்யா, மாத்தி எழுதிக்குங்க. எம் மவன் ஒரு குத்தமும் செய்யாதவன்." ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். "செய்யச் சொன்ன குத்தத்தையும் செய்யாதவன்."

ஏட்டுக்குச் சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. ஐந்து பேரும் மறுபடி கட்டைவிரலில் மை பூசிக்கொண்டார்கள். பத்தாம் நாள் நான் வேலையில் சேர்ந்தேன். முப்பத்தைந்து வருஷம் பார்த்தேன்.

அப்பா அந்த வாரமே போட்டோவைத் திருவாரூருக்கு எடுத்துப்போய், முத்திரை மறையாமல் பின்பக்கமும் கண்ணாடி வைத்துச் சட்டம் போட்டு வந்தார். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் தலைவர்கள் படம் தொங்கிய இடத்தில், எங்கள் வீட்டில் நிலாவில் நான். அதற்குப் பிறகு நடந்த எல்லா மறியலுக்கும் போய்விட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். சர்க்கார் உத்தியோகஸ்தன் போகக்கூடாது என்ற விதி என்னைக் காப்பாற்றியது. அப்பா மட்டும் போனார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், "நீ பட்டுக்கோட்டையா, கடலூரா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். நான் ரேஷன் வாங்க மறந்தாலும், தண்ணீர் மோட்டார் போட மறந்தாலும் என் மனைவி இன்றுவரை ஒரே வார்த்தைதான்: "செய்யச் சொன்னதையும் செய்யாதவரு."

போன மாதம் என் பேத்திக்கு வேலை கிடைத்து, போலீஸ் விசாரணைக்கு ஓர் இளைஞர் வந்தார். காபி குடித்துவிட்டு, கையிலிருந்த போனில் தட்டிக்கொண்டே, "வீட்டுல யார் மேலயாவது கேஸ், ஜெயில் அந்த மாதிரி ஏதாவது உண்டாம்மா?" என்றார்.

என் மனைவி ரொம்பப் பெருமையாக என்னைக் கைகாட்டினாள். "இவரைக் கேளுங்க தம்பி. பதினஞ்சு நாளு, கடலூர் ஜெயிலு."

அவர் விரல் போனில் எழுத ஆரம்பித்தது. எனக்கு எழுபத்துமூன்று வயது, இரண்டு முட்டியும் வலி. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, நிலாவைச் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கத்து முத்திரையை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.