டபுள் பெல் சாரின் ஒரே சீசன்

கால்பந்தைக் கண்டுபிடித்தவர்கள் வாழ்க்கையில் ஒருமுறைகூட பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்கள் என்பது டபுள் பெல் சாரின் உறுதியான அபிப்பிராயம். ஏறியிருந்தால் இன்னும் ஒழுங்காகக் கண்டுபிடித்திருப்பார்களாம். ஒரு கல்லூரி அணியை டவுன் பஸ் மாதிரி ஓட்டிய பயிற்சியாளர் திருவனந்தபுரத்தில் அவர் ஒருவர்தான். உலகத்திலும் இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை.

நான் அப்போது பி.காம். இரண்டாம் வருடம், அணியின் கோல்கீப்பர். திறமையைப் பார்த்து யாரும் என்னை நிறுத்தவில்லை. உயரம் ஆறடி, ஓடினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் தகுதி. மேட்ச் இருக்கும் நாட்களில் கரமனை அக்ரஹாரத்து வீட்டு வாசல்வரை வந்து அம்மா சொல்வாள்: "பந்து வேகமா வந்தா நகந்துக்கோடா. மூஞ்சில பட்டுடப் போறது."

முந்தைய சீசன் முழுவதும் நான் தாய் சொல்லைத் தட்டவில்லை. அணி ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை.

பழைய கோச் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட, பிரின்சிபல் மேடம் புதியவரை அழைத்து வந்தார். கூடவே ஓர் எச்சரிக்கை: இந்த சீசனில் ஒரு மேட்சாவது ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் அணி கிடையாது, மைதானம் கார் நிறுத்துமிடமாகிவிடும்.

வந்தவர் குள்ளம். சிறு தொப்பை. கழுத்தில் விசில். நாகர்கோவில் பக்கத்துக்காரர். வெகுகாலம் பஸ் கண்டக்டராக இருந்து, அங்கேயே டிப்போ அணிக்கும் ஆடி, பிறகு பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கியவர். முதல் நாள் யாருடைய பெயரையும் அவர் கேட்கவில்லை.

"நீ எங்க எறங்கணும்டே?" என்றார் என்னிடம்.

"சார்?"

"வீடு எங்கன்னு கேக்கேன்."

"கரமனை, சார்."

அன்றிலிருந்து நான் கரமனை. எங்கள் கேப்டன் ஜெரோம் விழிஞ்ஞம். வலது ஓரத்தில் ஆடியவன் ஸ்ரீவராகம். நெய்யாற்றின்கரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சார் ஒரு நிமிடம் யோசித்தார். வேகமாக ஓடுகிறவனுக்கு ஃபாஸ்ட் பாசஞ்சர், மற்றவனுக்கு ஆர்டினரி என்று பஸ் வகைப்படி முடிவாயிற்று. அந்த ஆர்டினரி இன்று பெரிய கம்பெனியில் மேனேஜர். கல்லூரி நண்பர்கள் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்றால் மனைவியோடு வர மாட்டான்.

பயிற்சி முழுக்க விசில்தான். ஒருமுறை ஊதினால் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டுமுறை ஊதினால் கிளம்ப வேண்டும். எங்கள் ஊர் பஸ்களில் கிளம்புவதற்கு இரட்டை மணி அடிப்பார்கள்; பட்டப்பெயரின் கதை அதுதான். இடையில், "விழிஞ்ஞத்துக்கு ஸ்ரீவராகம் வழியா விடுடே!" என்று வழித்தடம் அறிவிப்பார். உற்சாகம் மிகுந்தால் "ரைட், ரைட்!" என்பார். ஒரு தடவை அதைக் கேட்டு ஸ்ரீவராகம் வலப்பக்கமாகவே ஓடி, கோட்டைத் தாண்டி, குரோட்டன்ஸ் செடிக்குள் போய் விழுந்தான்.

மாடியிலிருந்து பார்த்த மேடம் இறங்கி வந்து கேட்டார்: "கோச்சே, இது கிரவுண்டாணோ, பஸ் ஸ்டாண்டாணோ?"

"ரெண்டுலயும் கூட்டத்த ஒழுங்குபடுத்தணும் மேடம்" என்றார் சார்.

முதல் மேட்சில் ஆறு கோல் வாங்கினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த என்னைத் தட்டிக்கொடுத்தார். "பத்து போவும்னு நெனச்சேன் மக்கா. ஆறுதான் போச்சு."

அடுத்ததில் நாலு. அதற்கடுத்ததில் இரண்டு. தோற்றுக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் தோற்ற ஒவ்வொரு சாயங்காலமும் சார் எங்களோடு பஸ் ஸ்டாப்புக்கு வருவார். கடைசிப் பையன் ஏறும்வரை நகர மாட்டார். ஏறுகிற ஒவ்வொருவனிடமும், "நாளைக்கு வரணும், கேட்டியா?" என்பார். கேலிக்குப் பயந்து அணியை விட்டு விலகலாம் என்று நினைத்தவர்கள் எங்களில் பாதிப் பேர். ஒருவனும் விலகவில்லை. படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்து "வரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வது?

கடைசிக்கு முந்திய மேட்ச். கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜெரோமிடம் பந்து. பரவசத்தில் சார் தன்னை மறந்து விசிலை இரண்டுமுறை ஊதிவிட்டார். ரெஃப்ரிதான் ஊதினார் என்று எண்ணி எதிரணி மொத்தமும் நின்றுவிட்டது. எங்களுக்கோ அது கிளம்பச் சொல்லும் சத்தம். ஜெரோம் நிதானமாகப் போய் கோல் போட்டான்.

"ஆரா விசிலடிச்சது?" என்று ரெஃப்ரி கர்ஜித்தார்.

சார் பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினார். கோல் செல்லவில்லை. சாருக்குச் சிவப்பு அட்டை; அடுத்த மேட்சில் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியில் நாங்கள் ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

மிச்சமிருந்தது ஒரே மேட்ச். எங்கள் கல்லூரி மைதானத்தில்தான். சார் இரண்டாம் மாடி கெமிஸ்ட்ரி லேப் ஜன்னலில் நின்றார். விசிலை மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சார் கத்தியது எதுவும் கீழே எங்களுக்குக் கேட்கவில்லை.

இடைவேளைக்கு முன் ஜெரோம் ஒரு கோல் போட்டான். செல்லுபடியாகும் கோல்! அதன்பிறகு மற்ற பத்துப் பேரும் என் முன்னால் வந்து நின்று தடுத்தார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆர்டினரி, வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக ஓடி, பெனால்டி கட்டத்துக்குள் எதிராளியின் காலை வாரிவிட்டான். பெனால்டி.

ஜெரோம் வெளிறிப்போய் என்னிடம் வந்தான். "எடா, இது போனா கிரவுண்டும் போச்சு."

இப்படி ஒரு ஆறுதலைக் கேட்டுக்கொண்டு கோல் கோட்டில் போய் நின்றேன். எதிரணி ஆள் ஓடி வந்தான். பந்து என் மூஞ்சியில் பட்டு, மேல் கம்பத்தில் இடித்து, வெளியே போயிற்று. நான் மல்லாந்து கிடந்தேன். என் மேல் அணி முழுவதும் விழுந்தது. ஒன்றுக்குச் சைபர். ஜெயித்தோம்.

மாடிப்படியில் உருண்டுவிடாத குறையாக ஓடி வந்தார் சார். வீங்கிய என் மூக்கைப் பார்த்தபடி எல்லோரிடமும் சொன்னார்: "மேலேருந்து, 'அனங்காம நில்லுடே'ன்னு சத்தம் போட்டேன். பய அப்படியே நின்னுட்டான் பாத்துக்க!" சொல்லும்போதே கண் நிறைந்து, பக்கத்திலிருந்த ரெஃப்ரியைக் கட்டிக்கொண்டார்.

மைதானம் தப்பியது. அணியும் தப்பியது. அடுத்த வருடம் சார் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார். இப்போதும் அவ்வப்போது வீடியோ காலில் வருவார். பின்னால் நிற்கும் பையன்களுக்கு என்னைக் காட்டி, "கோச் சொன்ன வார்த்தையக் கேட்டு நின்னவன் இவன்தாம்டே" என்பார். நானும் வணக்கம் போடுவேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதையும், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கிற யாராவது அவரைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.